வற்றிய குளத்துக்கும் ஒரு தாள்

எங்களுக்கு ஒதுக்கியிருந்த மூன்றாவது குளத்தில் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். குளத்துக்கு நட்டநடுவில், கருவேலங்கம்பை ஊன்றி ஸ்டம்பு. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. 2017 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரக்கடைசி. அதற்கு முந்தின வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோயிருந்தது.

பறவை எண்ண நான் போன முதல் நாள் அது. விடியுமுன் கிளம்பி இரண்டு குளங்களை முடித்திருந்தோம். எனக்கு நல்ல பசி. "சார், இங்க எண்ண என்ன இருக்கு? அடுத்த குளத்துக்குப் போயிருவோமா?" என்று கேட்டேன். எங்கள் குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் பதில் சொல்லாமல் அட்டையில் புதுத் தாள் ஒன்றைச் செருகினார். குளத்தின் பெயர், தேதி, தொடங்கிய நேரம் 8.45. நீர் இருப்பு என்ற இடத்தில் 'இல்லை'. அப்புறம் பைனாகுலரை எடுத்து இடது ஓரத்திலிருந்து மெதுவாகத் துழாவ ஆரம்பித்தார். இருபது நிமிடம். ஆட்டு மந்தைக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு 14. மடைக்கருகே சிவப்பு மூக்கு ஆள்காட்டி 2. வாத்து பூச்சியம், நாமக்கோழி பூச்சியம், உள்ளான் பூச்சியம். ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுச் சொல்ல, நான் எழுதினேன்.

நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். ஒரு ரூபாய்க்கும் வியாபாரம் ஆகாத நாளுக்கும் பேரேட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாமல் விட்டால், கடை திறந்தும் வியாபாரம் ஆகவில்லையா, கடையே திறக்கவில்லையா என்று பின்னால் புரட்டுகிறவருக்குத் தெரியாது. சார் போட்ட பூச்சியம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அந்தத் தாளுக்காகத்தான் அடுத்த வருஷமும் போனேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அதுதான் நிஜம்.

நான் போவது தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு. 2011-இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களையும் சுற்றுவட்டாரக் குளங்களையும் தன்னார்வலர்கள் பிரித்துக்கொண்டு எண்ணுகிறார்கள். மாணவர்கள் வருவார்கள், ஆசிரியர்கள் வருவார்கள், வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், விவசாயிகள், என்னைப் போல் கடையில் இருப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987-இலிருந்து இதே ஜனவரியில்தான் நடக்கிறது. அதைத் தன் பகுதியாகக் கொண்ட உலகளாவிய கணக்கெடுப்பு 1967-இலேயே தொடங்கிவிட்டது. ஏன் ஜனவரி என்றால், வடக்கேயிருந்து வலசை வருகிற பறவைகள் அதற்குள் வந்து சேர்ந்து ஓரிடத்தில் தங்கிவிடும். திரும்பிப் போகிற அவசரம் இன்னும் தொடங்கியிருக்காது. வருஷத்தில் அவை ஓரளவு அசையாமல் இருக்கிற மாதம் இதுதான்.

முதல் வருஷம் என்னிடம் பைனாகுலர் கிடையாது. அது ஒரு குறையாகவே இருக்கவில்லை. எழுதுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எண்ணுகிறவர் கண்ணை எடுக்கக் கூடாது. கண்ணை எடுத்தால் எந்தப் பறவையோடு நிறுத்தினோம் என்பது போய்விடும். அதனால் பக்கத்தில் ஒருவர் நின்று அவர் சொல்வதை எழுத வேண்டும், சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வருஷம் எழுதுங்கள். பெயர்கள் காதில் விழுந்து விழுந்து தானாகப் பதிந்துவிடும். பென்சில் கொண்டுபோங்கள். மார்கழி, தை மாதப் பனியில் தாள் நமுத்துப்போகும், பேனா எழுதாது. பைனாகுலர் வாங்குவதென்றால் 8x42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. அகல முன்கண்ணாடி) போதும். பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் கூடவே பெரிதாகத் தெரியும். தூரத்து வாத்துக்குக் குழுவில் யாராவது ஒருவரிடம் ஸ்கோப்பும் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) முக்காலியும் இருந்தால் நல்லது.

செருப்பு வேண்டாம், ஷூ. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பை ஊடுருவி வந்துவிடும். கரைப் புல்லில் பாம்பு இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெண்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்கிறேன்: குளத்துக்கரையில் ஒதுங்க மறைவிடம் எதிர்பார்க்காதீர்கள். முதல் குளத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஊருக்குள் ஏதாவது ஒரு வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்ட எந்த வீட்டிலும் இல்லை என்று சொன்னதில்லை. இரண்டு வீட்டில் காப்பியும் கொடுத்தார்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து பத்து மணிக்குத் தலைவலி வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே நிற்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. எங்கள் பக்கம் நிலம் மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடலுக்குச் சரிகிறது. அதனால் குளங்களுக்குக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம், பள்ளத்தில். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், குளம் முழுக்க வெளிச்சத்தில் கிடக்கும். நாமக்கோழியின் நெற்றி நாமம்கூடப் பளிச்சென்று தெரியும். அதே குளத்தைச் சாயங்காலம் அதே இடத்திலிருந்து பார்த்தால் எல்லாமே கறுப்புப் புள்ளிதான். குளம் வெட்டியவர்கள் பறவை எண்ண வருகிறவர்களை நினைத்து வெட்டவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கரைமேல் ஏறி நிற்கும்போது அவர்களை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

இனி எண்ணுவது. பெரிய கூட்டத்தைக் கண்டதும் மலைப்பாக இருக்கும். சார் சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் குளத்தைப் பங்கு பிரிக்க வேண்டும். இடது ஓரத்திலிருந்து அந்த ஒற்றைப் பனை வரை ஒன்று, பனையிலிருந்து மடை வரை ஒன்று, மடையிலிருந்து, நிரம்பி வழிகிற தண்ணீர் வெளியேறும் மறுகால் வரை ஒன்று. ஒரு பங்கில் ஒரு தடவைக்கு ஒரே ஓர் இனம். பத்து நாமக்கோழியை ஒன்று இரண்டு என்று எண்ணிவிட்டு, அந்தப் பத்தும் பைனாகுலர் வட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவை மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும்: பத்து, இருபது, முப்பது. கூட்டம் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஐம்பதை அளவாக வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் நெருக்கமாக இருக்கும், நடுவில் அகன்றிருக்கும். அதனால் அளவை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

இதற்கு வீட்டில் பழகலாம். டிசம்பர் மாதம் முழுக்க நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எவர்சில்வர் தட்டில் தோல் உளுந்தை ஒரு கை அள்ளி வீசுவேன். நாமக்கோழி மாதிரியே இருக்கும். ஐந்து விநாடி பார்த்து ஒரு எண்ணை எழுதிவைத்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து எண்ணுவேன். முதல் வாரம் 200 என்று எழுதினால் 310 இருந்தது. பெரிய கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதுதான் புதியவர்களின் பொதுவான வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாதக் கடைசியில் பத்துப் பதினைந்து முன்னே பின்னே வந்து நின்றது. என் மகளும் சேர்ந்துகொண்டாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

எண்ணுகிற வரிசையும் முக்கியம். சட்டென்று பறந்துவிடுகிறவற்றை முதலில் எண்ணிவிட வேண்டும். வாத்து முதலில், அடுத்து உள்ளான்கள். கூழைக்கடாவும் நத்தை குத்தி நாரையும் நிதானமானவை, காத்திருக்கும். இதை நான் கற்றது 2018-இல். சீராக எண்ணிக்கொண்டு போய் நாமக்கோழி 260-ஐத் தொட்டபோது, மேற்கேயிருந்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் தாழ்வாக வந்தது. சிறகை மேலே தூக்கிப் பிடித்தபடி, அவசரமே இல்லாமல். குளம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பியது. நாமக்கோழிகள் தண்ணீர்மேல் கால் அடித்து ஓட, ஊசிவால் வாத்துகள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போய்விட்டன. அந்தச் சத்தம் ஒரு பெரிய துணியை நீளமாகக் கிழிப்பது போலிருந்தது.

அப்படி நடந்தால் என்ன செய்வது? அந்த இனத்தின் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அமர்ந்த பிறகு முதலிலிருந்து எண்ண வேண்டும். பாதியில் விட்டதோடு மீதியைச் சேர்த்து ஒட்டக் கூடாது. பறந்து போனவற்றைத் தோராய எண், திசை, நேரத்தோடு தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வடக்கே இருக்கிற குளத்தில் வேறொரு குழு நிற்கிறது. அவர்கள் தாளில் "7.50-க்குத் தெற்கேயிருந்து ஊசிவால் வாத்து 40 வந்து இறங்கியது" என்று இருந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும். எல்லாக் குளத்தையும் ஒரே வாரக்கடைசியில், முடிந்தவரை ஒரே வேளையில் எண்ணுவதே இந்த இரட்டைக் கணக்கைத் தவிர்க்கத்தான்.

2019-இல் நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பனி மூட்டம். குளத்தின் எதிர்க்கரை ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு வாத்துக் கூட்டம். உருவமும் நிறமும் பார்த்துப் புள்ளி மூக்கு வாத்து என்று முடிவு செய்து 340 என்று எழுதினேன். மனது துள்ளியது. அந்தக் குளத்தில் அவ்வளவு வாத்து எந்த வருஷத் தாளிலும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறிப் பனி விலகியது. கோரைக்குள்ளிருந்து நீண்ட மூங்கில் கழியோடு ஒருவர் வெளியே வந்தார். வாயால் ஏதோ ஓசை கொடுத்தார். 340-உம் வரிசையாக அவர் பின்னால் நீந்திப் போயின. நடுவில் நான்கைந்து வெள்ளை வாத்து. அறுப்பு வயல் தேடி ஊர் ஊராகப் போகிற வாத்து மேய்ப்பவர்கள் குளத்தில் பட்டி போட்டிருக்கிறார்கள்.

ரப்பரை எடுத்தேன். சார் தடுத்துவிட்டார். "அழிக்காதீங்கம்மா. ஒரு கோடு போடுங்க. பக்கத்துல வளர்ப்பு வாத்துன்னு எழுதி நேரம் போடுங்க." கடையில் நானும் அப்படித்தான் செய்வேன். அடித்த எண்ணும் தெரிய வேண்டும், ஏன் அடித்தோம் என்பதும் தெரிய வேண்டும். குளத்தில் வளர்ப்பு வாத்து மேய்கிறது என்பதும் ஒரு தகவல்தானே. அதற்குப் பிறகு எந்த வாத்துக் கூட்டத்தைப் பார்த்தாலும் நான் தேடுவது சில விஷயங்களை: கூட்டம் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நடுவில் வெள்ளை இருக்கிறதா, ஒன்றாவது பறக்கிறதா, கரையில் மனிதர் யாரும் இருக்கிறாரா.

வாத்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீலச்சிறகியின் ஆண் பறவைக்குக் கண்ணுக்கு மேல் அழகான வெள்ளைப் பட்டை இருக்கும் என்று புத்தகத்தில் பார்த்துவிட்டுப் போவோம். ஜனவரியில் ஆண்களில் பலவும் இன்னும் பெட்டை மாதிரி மங்கிய பழுப்பில்தான் இருக்கும். பக்கத்தில் கிளுவைப் பெட்டை இருந்தால் தூரத்திலிருந்து பிரிப்பது கஷ்டம். முகத்தில் கோடு கோடாக இருந்தால் நீலச்சிறகி. அதுவும் தெரியவில்லையா, 'அடையாளம் தெரியாத வாத்து' என்று எழுதலாம். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சிறிய உள்ளான்களுக்கும் அப்படியே. புதியவர்கள் இதை எழுதக் கூச்சப்படுகிறார்கள். பெயர் தெரியவில்லை என்றால் தங்களைக் குறைவாக நினைப்பார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில், அந்த வரி ஒன்றுகூட இல்லாத தாளைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கரையில் வருகிறவர்களிடம் பேசாமல் எண்ணத் தொடங்காதீர்கள். அட்டையும் பைனாகுலருமாக நான்கு பேர் நின்றால் ஊர்க்காரர்களுக்குப் பயம் வரும், நியாயம்தான். ஒரு வருஷம் மடைப் பக்கம் மாடு பத்திக்கொண்டு வந்த பெரியவர், "என்னம்மா, குளத்த அளக்க வந்திருக்கீகளா?" என்றார்.

"இல்ல தாத்தா, பறவை எண்ண வந்திருக்கோம்."

"எண்ணி?"

அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்னிடம் சட்டென்று பதில் வரவில்லை. சார்தான் அவரிடம் பொறுமையாகச் சொன்னார். ஓர் ஈரநிலத்தில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளோ, அல்லது ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்கோ இருந்தால் அது உலக அளவில் முக்கியமானது என்று, ஈரநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட ராம்சார் உடன்படிக்கை சொல்கிறது. இருக்கிறது என்பதை யாராவது எண்ணிச் சொன்னால்தான் தெரியும். நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கிற வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி அங்கே வருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் இருக்கின்றன, அவற்றில் சரணாலயம் என்பது விரல்விட்டு எண்ணக்கூடியவை. பறவைகளுக்குப் பலகை படிக்கத் தெரியாது. எங்கே தண்ணீரும் இரையும் இருக்கிறதோ அங்கே இறங்கும். உங்கள் ஊர்க் குளத்தை எண்ண நாங்கள்தான் வர வேண்டும்.

தாத்தா கேட்டுக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னதுதான் அன்றைய தாளில் முக்கியமான வரி. "கூழக்கடா வந்தா மீன் கெடக்குன்னு அர்த்தம். குத்தகை எடுத்தவங்களுக்குப் பொறுக்காது. வெடி போடுவாங்க. முந்தாநேத்து போட்டாங்க, அதான் இன்னிக்கு ஒண்ணையும் காணல." இடையூறு என்ற இடத்தில் அதை எழுதினோம். அவர் சொல்லாவிட்டால் அந்தத் தாள் வெறும் 'கூழைக்கடா 0' என்று நின்றிருக்கும்.

ஒரு தடவை என் கோபத்தை அடக்க முடியாமல் போனது. வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், பறக்கிற மாதிரிப் படம் வேண்டுமென்று கரையிலிருந்து கல்லை விட்டெறிந்தார். வாத்துக் கூட்டம் கிளம்பியது, திரும்ப வரவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, இரை தேடி, திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிற உயிர்கள் அவை. ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் போய்விடும். நாங்களும் இதே காரணத்துக்காகத்தான் கரை முழுக்க நடக்காமல், இரண்டு மூன்று இடத்தில் நின்று எண்ணுகிறோம். கூடு இருக்கிற மரங்களுக்கு அடியில் போகவே கூடாது. எங்கள் பக்கத்துக் குளங்களில் கருவேல மரத்தில் நாரைகள் கூடு கட்டுகிற காலமும் இதுதான். தாய்ப்பறவை எழுந்தால் முட்டையை எடுக்கக் காக்கை காத்திருக்கும்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். குளங்கள் உடைந்தன, ஊர்கள் முழுகின. அடுத்த மாதம் கணக்கெடுப்புக்குப் போனபோது, இவ்வளவு தண்ணீரில் பறவைகள் குவிந்திருக்கும் என்று எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த கல்லூரிப் பெண் சொன்னாள். மூன்றாவது குளம், அந்தக் கிரிக்கெட் குளம், கரை தொட்டு நின்றது. அலை அடித்தது. பறவையைத்தான் காணோம். நீர்க்காகம் 6, முக்குளிப்பான் 11, மீசை ஆலா 9. அவ்வளவுதான். அவள் முகம் வாடிப்போனது.

ஆழமான தண்ணீரில் உள்ளானுக்குக் கால் வைக்க இடமில்லை. கொக்குக்கும் நாரைக்கும் நிற்க முடியாது. தலையை மட்டும் முக்கி அடியிலிருக்கிறதை மேய்கிற வாத்துகளுக்கு அடி எட்டாது. அதுபோக, அந்த வருஷம் வயல், பள்ளம், புறம்போக்கு என்று எங்கு பார்த்தாலும் தண்ணீர் இருந்தது. பறவைகள் எல்லா இடத்துக்கும் பிரிந்து போய்விட்டன. அன்றைக்கே, வெள்ளத்தில் கரை உடைந்த இன்னொரு குளத்துக்குப் போனோம். தண்ணீர் வடிந்து வெறும் சேறு. அங்கே பவளக்காலி 70-க்கு மேல், பொறி உள்ளான், பச்சைக்காலி, சேற்றோடு சேறாக ஓடுகிற கொசு உள்ளான்கள். ஊர்க்காரர்களுக்கு அது இழப்பு, கரையை அடைக்க மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓரமாக நின்று சத்தமில்லாமல் எண்ணிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து 2017 தாளின் நகலையும் 2024 தாளின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே குளம், மொத்தம் 16, மொத்தம் 26. எண்களை மட்டும் பார்த்தால் இரண்டு வருஷமும் ஒரே கதை போலத்தான் தோன்றும். ஒன்றில் 'நீர்: இல்லை' என்றும் இன்னொன்றில் 'நீர்: கரை மட்டம்' என்றும் எழுதியிருப்பதால்தான் ஒன்று வறட்சி, ஒன்று வெள்ளம் என்று தெரிகிறது. நீர் இருப்பு, சேற்று ஓரம், ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது, இடையூறு என்ன என்று படிவத்தின் மேல்பாதியில் இருக்கிற கேள்விகளை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நான் இப்போதெல்லாம் அதை முதலில் நிரப்பிய பிறகுதான் பைனாகுலரை எடுக்கிறேன்.

இருவர் எண்ணினால் எண் ஒன்றாக இருக்காது. நான் 312 என்பேன், அந்தக் கல்லூரிப் பெண் 285 என்பாள். சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியாக எண்ணி, பிறகு காட்டிக்கொள்வோம். வித்தியாசம் இவ்வளவு என்றால் கூட்டிப் பாதியாக்கி எழுதுவதில்லை, இன்னொரு தடவை எண்ணுவோம். பெரும்பாலும் யாராவது ஒருவர் கோரை மறைவில் இருந்ததை விட்டிருப்போம்.

சாருக்கு இப்போது கண்ணில் புரை. எண்ண வருவதில்லை, கூட வருகிறார். வேனில் உட்கார்ந்து மற்றக் குழுக்களோடு போனில் பேசுகிறார். கடைசியாக நாங்கள் எண்ணப் போன ஜனவரியில் மூன்றாவது குளத்தில் தண்ணீர் முக்கால்வாசி இருந்தது, மேற்கு ஓரத்தில் நல்ல சேறு. 7.10-க்குத் தொடங்கினோம். நாமக்கோழி 296, நத்தை குத்தி நாரை 22, அரிவாள் மூக்கன் 31, ஊசிவால் வாத்து 18, நீலச்சிறகி 45, பவளக்காலி 12. வெயில் ஏறும்வரை கோரைக்கு அப்பால் ஒரு சிறு கூட்டம் முதுகு காட்டியபடியே தூங்கிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் ஸ்கோப்பில் காத்திருந்து பார்த்தோம், ஒன்றும் தலையைத் தூக்கவில்லை. அடுத்த குளத்துக்கு நேரமாகிவிட்டது. மொத்தத்தை வேனில் போய்ச் சாரிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரி: அடையாளம் தெரியாத வாத்து 6.

"சரி, அடுத்த தாளை எடுங்க" என்றார்.